கண்ணாடிக்கு ஒரு பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் சம்சாரம் துரைசாணி அம்மையார் சீமைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஏதாவது நன்மை செய்தே தீருவது என்ற முடிவோடு திரும்புவார். அவருடைய கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலே எனக்கு உடம்பு வலிக்கத் தொடங்கிவிடும்.

முதல் தடவை கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தார். குளிருக்குப் போர்த்த ஏதோ கிடைக்கப் போகிறது என்று பெண்கள் ஆசையாகப் பின்னினார்கள். முடித்த பிறகுதான் தெரிந்தது, அது பங்களா மேசையில் வைக்கும் தேநீர்க் குடுவைக்குப் போடுகிற உறை என்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் மூக்கொழுக நடுங்கிக்கொண்டு திரிய, குடுவைகள் கம்பளி போட்டுக்கொண்டு சுகமாக இருந்தன. அடுத்த தடவை லயத்து வாசல்களில் ரோசாச் செடி நட்டார். ஆடு மேய்ந்துவிட்டது. ஆட்டுக்காரர்கள் ஆப்பீசில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் திரும்பியபோது கூடவே ஓர் இரும்புப் பெட்டி வந்தது. தலவாக்கலை ஸ்டேசனில் இறக்கி, தோட்டத்து லொறியில் வைக்கோல் பரப்பி, பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்கள். மின்சாரத்தில் சூடேறும் போறணை அடுப்பு அது. பாண் ரொட்டி சுடுவதற்கில்லை, கண்ணாடி சுடுவதற்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் யேசுரட்ணம். எங்கள் கல்லுப்பாலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். பாதிரிமார் பள்ளியில் படித்ததால் எனக்கு இங்கிலீசு வரும். அந்தப் பாவத்துக்காகத் துரைசாணியின் நன்மைகள் எல்லாம் என் வாய் வழியாகத்தான் லயத்துக்குப் போய்ச் சேரும்.

பங்களாக் கராஜில் வகுப்பு நடந்தது. துரையின் கார் வெளியே மழையில் நனைந்தது. ஓடைத் தண்ணீரில் சுழலும் தொழிற்சாலை இயந்திரத்திலிருந்துதான் பங்களாவுக்கு மின்சாரம் வரும். போறணையைப் போட்டால் தொழிற்சாலையில் மெஷின்கள் முனகத் தொடங்கும், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பல்லைக் கடிப்பார். ஆகவே வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு விறகு பொறுக்கவும் துணி துவைக்கவும் தலை முழுகவும் இருந்த ஒரே நாள் அது.

வேலை என்னவென்றால், கண்ணாடியைச் சிறு சக்கரம் வைத்த கத்தியால் கீறி, தட்டி, துண்டாக்க வேண்டும். துண்டுகளைத் தட்டையான கல் பலகையில் கோலம்போல அடுக்கிப் போறணைக்குள் வைத்து, இளகி ஒன்றோடொன்று ஒட்டும்வரை சுட வேண்டும். பிறகு மூடியைத் திறக்காமல் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். கண்ணாடி பலகையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வெண்கட்டியை இடித்துக் கரைத்துப் பலகையில் பூச வேண்டும். அந்த வெண்கட்டி என் பள்ளிக்கூடத்து வெண்கட்டி. அந்த வருஷம் முதல் தவணை முழுவதும் நான் கரும்பலகையில் விரலால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

முக்கியமான விதி ஒன்றைத் துரைசாணி முதல் நாளே சொன்னார். ஒரு போத்தலின் துண்டுகளை அதே போத்தலின் துண்டுகளோடுதான் சேர்க்கலாம். வேறு வேறு கண்ணாடியைக் கலந்தால் ஆறும்போது ஒன்று கூடச் சுருங்கும், மற்றது குறையச் சுருங்கும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வெடிக்கும். புரிகிறதா என்று திரும்பக் கேட்டு, திரும்பவும் சொல்லச் சொன்னார். நானும் தொண்டை கிழியச் சொன்னேன்.

முதல் வாரம் வந்தவர்களை ஒரு பாயில் உட்காரவைத்துவிடலாம். காளியாயி கொண்டுவந்த எண்ணெய்ப் போத்தலை முழுசாகவே போறணையில் படுக்கவைத்துச் சுட்டார்கள். மறுநாள் அது அடை தட்டியதுபோலச் சப்பையாக வெளியே வந்தது. அதில் வெற்றிலை வைக்கலாம் என்றார் துரைசாணி. இனிமேல் எண்ணெயை எதில் வைப்பது என்று காளியாயி கேட்டாள்.

ஆட்கள் போதாது என்று துரைசாணி துரையிடம் குறைப்பட்டார். துரை சோலைமலைக் கங்காணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கேதான் சனி பிடித்தது.

சோலைமலைக் கங்காணிக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்தான் உண்டு. நிறுக்கிறது, நிறுக்காதது. நிறுக்காத எதையும் அவர் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அடுத்த வாரம் விடிகாலையில் தப்பு அடித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கு இவ்வளவு கண்ணாடி என்று நிறை சொல்லிவிட்டார். கொழுந்து நிறுக்கும் தராசையே கொண்டுவந்து கராஜ் வாசலில் தொங்கவிட்டார். நிறை குறைந்தால் திங்கட்கிழமை எவ்வளவு கொழுந்து பறித்தாலும் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்றார். கலை வளர்ப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

துரைசாணி கேட்டது உடைந்த கண்ணாடி. லயத்தில் உடைந்த கண்ணாடிக்கு எங்கே போவது? உடைவதற்கு முதலில் கண்ணாடி இருக்க வேண்டுமே. ஆகவே நல்ல கண்ணாடியை உடைத்தார்கள். சோடாப் போத்தல், சாராயப் போத்தல், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் போத்தல், லாம்புச் சிம்னி எல்லாம் போயின. முருகன் படம் கண்ணாடியை இழந்து ஈரத்தில் நெளிந்தது. நாவிதன் செல்லசாமி, கண்ணாடி இல்லாமல் சவரம் செய்துவிட்டு, முகம் எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லி அனுப்பினான். டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தல் தீர்ந்துபோனதால் காய்ச்சல்காரர்கள் மருந்தை உள்ளங்கையில் வாங்கி நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுப் போனார்கள். என் பள்ளிக்கூடத்து ஜன்னலிலும் ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி காணாமல் போனது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொண்டுவந்ததை எல்லாம் கங்காணி நிறுத்து, கொழுந்தைக் கொட்டுவதுபோல ஒரே சாக்கில் கொட்டினார். எது யாருடைய போத்தல், எது எந்த ஜன்னல் என்று பிறகு கடவுளுக்கும் தெரியாது.

சாக்கைப் பார்த்ததும் துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தாராளமான ஜனங்கள் என்றார். அந்த நிமிஷத்திலேயே அவருக்கு ஒரு பெரிய யோசனை பிறந்தது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் கைவேலைக் கண்காட்சிக்கு ஒரே ஒரு பெரிய தட்டு. ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு துண்டு. தோட்டம் முழுவதும் ஒரே தட்டில். கலந்தால் வெடிக்கும் என்று சொன்னீர்களே என்று நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். சாதாரணத் தட்டுகளுக்குத்தான் அந்த விதி என்றார்.

பூரணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மேல் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருப்பவள். அவள் புருஷன் அழகன் மரக்குற்றி உருண்டு கால் முறிந்து, இரண்டு வருஷமாக வேலைக்குப் போக முடியாமல் கிடந்தான். பூரணி பகலில் கொழுந்து பறித்துவிட்டு, வந்து கை மெஷினில் ஜாக்கெட் தைப்பாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான். லயத்துக் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. முன்பக்கம் மலை மறைப்பதால் மத்தியானத்துக்குப் பிறகு இஸ்தோப்புத் திண்ணையிலும் இருட்டிவிடும். அழகன் கால் நன்றாக இருந்த காலத்தில், இடித்த பழைய ஸ்டோரிலிருந்து ஒரு கண்ணாடியை விலைக்கு வாங்கி, கூரைத் தகரத்தை வெட்டிப் பொருத்திக் கொடுத்திருந்தான். சாயங்கால வெளிச்சம் அதன் வழியாக நேரே மெஷின்மேல் விழும். அம்மன் திருவிழா வந்துகொண்டிருந்தது. பாதித் தோட்டத்தின் ஜாக்கெட் துணி அவள் பெட்டியில் மடித்துக் கிடந்தது.

பூரணி சிம்னியைக் கொடுத்தாள். நிறை போதவில்லை. வேறு கண்ணாடி இல்லை என்றாள். கங்காணி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். மறுநாள் அவள் மலையில் நின்ற நேரத்தில் ஆளை ஏற்றிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துவாரத்தின்மேல் ஒரு துருத் தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டார். அழகன் கீழே உட்கார்ந்தபடி கத்தியிருக்கிறான். கங்காணி அவனுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னாராம். கூரை கொம்பனியுடையது. கூரையில் இருப்பது எல்லாம் கொம்பனியுடையது. துரைசாணி கொம்பனி மாதிரி. ஆகவே கண்ணாடி எங்கும் போகவில்லை, சொந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூரணி கூப்பிடாமலேயே கராஜுக்கு வந்தாள். அவள் கண்ணாடி அதற்குள் பட்டை பட்டையாக வெட்டப்பட்டு, பெரிய தட்டுக்குக் கரை கட்டப்பட்டிருந்தது. வந்ததிலேயே தெளிவான கண்ணாடி அதுதான் என்று துரைசாணி பாராட்டினார்.

"அது உடைஞ்ச கண்ணாடி இல்லீங்கம்மா. என் கூரையில இருந்தது. ஊசியில நூல் கோக்க எனக்கு வேற வெளிச்சம் இல்லீங்க."

நான் ஒரு சொல் குறையாமல் இங்கிலீசில் சொன்னேன். துரைசாணி யோசித்தார். அப்படியானால் தையலை விட்டுவிட்டு முன்பு கற்றுக்கொடுத்த பின்னல் வேலையைச் செய்யலாமே, பின்னல் ஊசிக்குக் காது கிடையாதே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்ப வெந்து முடிஞ்சதும் அந்தத் தட்டையாச்சும் குடுக்கச் சொல்லுங்க வாத்தியாரய்யா. கூரையில வச்சுக்கிறேன்."

இதையும் சொன்னேன். துரைசாணி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கிளப்பில் போய்ச் சொல்லி அங்கேயும் எல்லாரையும் சிரிக்கவைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சிரிப்பை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிரித்து முடித்ததும் துரைசாணி பூரணியின் விரல்களைப் பிடித்துப் பார்த்து, தையல்காரியின் கை கோடு தப்பாது, இவளும் வகுப்புக்கு வரட்டும் என்று உத்தரவு போட்டார். வராவிட்டால் அரைப் பேர் என்று கங்காணி அதற்கு வால் சேர்த்தார்.

சும்மா சொல்லக்கூடாது, போறணையிலிருந்து வெளியே வந்தபோது தட்டு அழகாகத்தான் இருந்தது. சாராயப் போத்தலின் தவிட்டு நிறமும் சோடாப் போத்தலின் பச்சையும் மருந்துப் போத்தலின் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று இளகி, சுற்றிலும் பூரணியின் கூரைக் கண்ணாடி தண்ணீராக நின்றது. பெண்கள் குனிந்து குனிந்து தங்கள் சாமானைத் தேடினார்கள். வேலாயி தன்னுடைய லாம்புச் சிம்னியைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் நின்றவளுக்குத் தொட்டுக் காட்டினாள். தூர தேசத்துக்குக் கட்டிக்கொடுத்த மகளைத் திருவிழாவில் பார்த்துவிட்டவள்போல இருந்தது அவள் முகம்.

நுவரெலியாக் கண்காட்சிக்குத் துரையின் காரில் தட்டு போனது. லொறியில் கங்காணியும் நானும் பூரணியும் போனோம். தொழிலாளிப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றால்தான் தட்டு எடுபடும் என்று துரைசாணி விரும்பினார். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு பெரிய மனிதரின் சம்சாரம் பரிசு கொடுத்தார். முதல் பரிசு எங்களுக்குத்தான். தங்கப் பூச்சுச் சட்டம் போட்ட ஒரு பெரிய சான்றிதழ், மேலே பளபளவென்று கண்ணாடி. படம் பிடிக்கிறவன் தயாராக நின்றதால் துரைசாணி பூரணியை முன்னே தள்ளிச் சான்றிதழை அவள் கையில் கொடுத்தார். இந்தப் பரிசு பங்களாவில் அல்ல, இந்த எளிய பெண்ணின் வீட்டிலேயே மாட்டி வைக்கப்படும் என்று மேடையில் அறிவித்தார், நான் அதைத் தமிழில் சொன்னேன். மண்டபம் முழுவதும் கை தட்டியது. கங்காணியும் தட்டினார். பூரணி சான்றிதழை ஏந்திக்கொண்டு, நகத்தால் அதன் கண்ணாடியை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து பள்ளிக்கூடத்து ஏணியைக் கேட்டாள். தொழிற்சாலைக் கூரை வேலைக்காரர்களிடம் கொஞ்சம் தாரும் வாங்கி வைத்திருந்தாள். சட்டக் கண்ணாடி பழைய துவாரத்தைவிடச் சின்னது. துருத் தகரத்தைக் கீழே இறக்கி, அழகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே உளியால் அதில் அளவாக ஒரு சதுரம் வெட்டினான். பூரணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரை ஏறினாள். கீழிருந்து அவன் இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லச் சொல்ல, கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் தார் பூசினாள். உள்ளே மெஷின் சக்கரத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது.

சான்றிதழை என்ன செய்தாய் என்று கேட்டேன். நல்ல மொத்தமான தாளாம். ஜாக்கெட்டுக்கு அளவுத் தாள் வெட்டிவிட்டாளாம். எடுத்துக் காட்டினாள். முன்கழுத்துக்காக அரைவட்டமாக வெட்டிய இடத்தில்தான் துரைசாணியின் பெயர் இருந்திருக்க வேண்டும். கலையும் பண்பாடும் என்று தொடங்கிய வரி தோள்பட்டையில் ஏறிக் கக்கத்தில் இறங்கியிருந்தது.

அடுத்த வாரமே தட்டு வெடித்தது. பங்களாவில் சமைக்கும் அப்பு கஸ்பர் வந்து சொன்னான். துரைசாணி விருந்தாளிகளுக்குத் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தாராம். யாரும் தொடவில்லை. டிக் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. பச்சை தவிட்டு நிறத்தை விட்டுப் பிரிந்தது, கரை தனியாகக் கழன்று விழுந்தது. பெண்கள் கண்ணாடியைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்று துரைசாணி விருந்தாளிகளுக்கு விளக்கினாராம். மனம் தளரக்கூடாது, இதைவிடப் பெரிய தட்டாகச் செய்வோம் என்றாராம்.

சோலைமலைக் கங்காணி மறுபடியும் சாக்கை எடுத்துக்கொண்டு லயம் லயமாக வரத் தொடங்கினார். பூரணியின் காம்பராவுக்கு அவர் வந்தபோது நான் ஏணியைத் திரும்ப எடுக்கப் போயிருந்தேன். அவள் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். கங்காணி கதவுக்குள் தலையை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்து, அது வரும் இடத்தைப் பார்த்து, பழைய விளக்கத்தை அப்படியே தொடங்கினார். கூரை கொம்பனியுடையது, கூரையில் இருப்பது எல்லாம் கொம்பனியுடையது.

பூரணி சக்கரத்தை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"கூரை கொம்பனியோடதுதாங்க. கண்ணாடி துரைசாணி குடுத்த பரிசு. எங்க வீட்டுலயே மாட்டி வைக்கணும்னு அவங்க சொன்னப்ப நீங்களும்தான் கை தட்டுனீங்க. சொன்னபடி மாட்டி வச்சிருக்கேன். கழட்டணும்னா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நானே எறக்கித் தாறேன்."

கங்காணி மறுபடியும் கூரையைப் பார்த்தார். துரைசாணியிடம் போய் எதைக் கேட்பது? நீங்கள் கொடுத்த பரிசைக் கழற்றி உங்கள் சாக்கில் போடட்டுமா என்றா? அப்படிக் கேட்டால் துரைசாணி லயத்துக்கே வந்து பார்ப்பார். வந்தால் முன்பு கழற்றிய கண்ணாடியின் கதையும் நிறுவையின் கதையும் துரை காதுவரைக்கும் போகும். அவருடைய தராசு இதை எல்லாம் நிறுத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்த தலையை வெளியே எடுத்தார். சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

பூரணி ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, நூலை ஒரே தடவையில் கோத்தாள். பிறகு, போகிறவரைக் கூப்பிட்டாள்.

"கங்காணி, உங்க வீட்டு அக்காவைச் சாயந்தரமா வரச் சொல்லுங்க. திருவிழா ஜாக்கெட்டுக்கு இன்னும் அளவு குடுக்கல. இப்ப வெளிச்சம் இருக்கு."